பதிமூன்றாவது தொப்பி

வந்திருந்தவர்கள்:

நைட் ஷிஃப்ட்டில் ஆறு பேர். செக்கர், பிரஸ் மெஷின்காரர்கள் இரண்டு பேர், பெயிண்ட்காரர், பாய்லர்காரர், கூட்டிப் பெருக்கும் அம்மா.

டே ஷிஃப்ட்டில் ஆறு பேர். செக்கரின் மச்சினன், பேக்கிங் அக்கா, ஸ்டோர்காரர், நேற்று சாயங்காலம் வேறு மூன்று பேருக்குப் பதிலாகச் சேர்ந்துகொண்ட அட்டைப்பெட்டிப் பிரிவு ஆட்கள் மூன்று பேர்.

மஞ்சள் குடையோடு கைடு ஒருத்தி. அவள் கணக்கில் வரமாட்டாள்.

ஆக, பன்னிரண்டு தலை.

செக்கர் பிளாட்பாரத்தில் நின்று மூன்றாவது தடவையாக எண்ணினார். பதிமூன்று வந்தது.

"மாமா, எண்ணுனது போதும், வாங்க. படமெல்லாம் ஊருக்குள்ள இருக்கு. பிளாட்பாரத்துல ஒண்ணும் இல்ல" என்றான் மச்சினன்.

"ஒண்ணு கூட இருக்குடா மாப்ள."

"கூடத்தானே இருக்கு? குறைஞ்சாத்தானே வம்பு?"

செக்கர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒரு பெட்டியில ஒண்ணு கூடுச்சுன்னா, எங்கேயோ ஒரு பெட்டியில ஒண்ணு குறையுதுன்னு அர்த்தம். ஏழு வருஷமா கம்பெனியில என்னத்தைக் கத்துக்கிட்ட?"

கம்பெனி பாட்டில் மூடி செய்யும் கம்பெனி. ஜாம் பாட்டில், தேன் பாட்டில், மருந்து பாட்டில் எல்லாவற்றுக்கும். பெட்டிக்கு நூற்று நாற்பத்து நான்கு. விடியற்காலை நாலரைக்குப் பெட்டியைத் திறந்து, மேலாகப் பார்த்து, நாலு நாலாக எண்ணி, சரியென்றால் மூடிவிடுவது செக்கரின் வேலை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு பெட்டி திரும்பி வந்ததில்லை. எந்த மூடியையும் அவர் தனியாகக் கையில் எடுத்துப் பார்த்ததும் இல்லை. அதற்கு அவசியம் வரவில்லை.

ரயிலிலிருந்து இறங்கியதும் கைடு ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி கொடுத்தாள். "யாருக்கு இன்னும் வரல? கையைத் தூக்குங்க! கூச்சப்படாதீங்க!" என்று கத்தினாள். தூக்கிய கைக்கெல்லாம் தொப்பி போனது. செக்கர் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று, மேலாகப் பார்த்து, நாலு நாலாக எண்ணினார். மூன்று நாலு. மேற்கொண்டு ஒன்று.

விஷயம் விளையாட்டில்லை. கம்பெனிக்கு ஐம்பது வருஷம் ஆனதற்காக, பழைய ஓவியங்களுக்குப் பேர்போன இந்த ஊருக்கு ஒரு நாள் டூர். மேனேஜர் செக்கரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "பன்னிரண்டு பேரைக் கூட்டிட்டுப் போற. பன்னிரண்டு பேரோட அஞ்சு நாப்பது வண்டியில ஏறுற. எட்டு மணிக்கு நைட் மெஷின் ஓடணும். இது ஒழுங்கா நடந்தா திங்கக்கிழமையில இருந்து உனக்கு டே ஷிஃப்ட். சொதப்புனா, ரிட்டயர் ஆகற வரைக்கும் ஆந்தைதான்."

பத்தொன்பது வருஷமாக அவரும் மனைவியும் ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூங்குகிறார்கள். அவள் எழுந்து போன சூட்டில் இவர் படுப்பார். தலையணைகூட ஒன்றுதான். இரண்டுக்குத் தேவை வரவில்லை.

போன் அடித்தது. மனைவி.

"இறங்கியாச்சா? எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க, இருக்காங்க."

"பன்னிரண்டு பேரும்?"

"பன்னிரண்டு பேரும் இருக்காங்க." இது பொய் இல்லை. பன்னிரண்டும் இருந்தது. அதற்கு மேலும் இருந்தது.

"நான் இன்னொரு தலையணை வாங்கிட்டேங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

செக்கர் பேக்கிங் அக்காவிடம் போனார். டே ஷிஃப்ட்டில் மூத்த கை அவள்தான்.

"அக்கா, உங்க ஷிஃப்ட் ஆளுங்க யார் யாரு?"

"நானு, உன் மச்சினன், ஸ்டோரு, அட்டைப்பெட்டி மூணு பேரு. ஏன்?"

"அந்தச் சாம்பல் ஸ்வெட்டர்?"

ஐம்பது வயதிருக்கும் ஒருவர் தோளில் ஒரு பையோடு நின்று ஸ்டேஷனின் கூரையையே ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் மஞ்சள் தொப்பி.

"அவரு உங்க ஆளு இல்லையா? கண்ணெல்லாம் தூக்கமில்லாம வீங்கிக் கெடக்கே, நைட்டுன்னுல்ல நெனச்சேன்" என்றாள் அக்கா.

செக்கர் பாய்லர்காரரிடம் போனார்.

"நம்ம ஆளா? போங்க சார். மூஞ்சியில எவ்வளவு சந்தோஷம் பாருங்க. டே ஷிஃப்ட்டேதான்" என்றார் பாய்லர்காரர்.

ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தும் இரண்டு ஷிஃப்ட்டும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவர்கள் வரும்போது இவர்கள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு போவார்கள். பகல் வெளிச்சத்தில் நைட் ஷிஃப்ட்காரர்கள் வேகாத ரொட்டி மாதிரி இருந்தார்கள். இதில் எது யாருடைய ரொட்டி என்று யார் சொல்வது?

மச்சினன் மாமாவின் காதருகே வந்தான். "மாமா, எனக்குப் புரிஞ்சு போச்சு. ஹெட் ஆபீஸ் ஆளு."

"எது?"

"டூர்ல எவன் எப்படி நடந்துக்கறான்னு வேவு பாக்க ஆள் போடுவாங்கன்னு பேச்சு அடிபட்டுச்சு. அதான் ரெண்டு ஷிஃப்ட்டுக்கும் தெரியல. நீங்க டே ஷிஃப்ட்டுக்கு லாயக்கான்னு பாக்க வந்திருக்காரு."

செக்கர் ஸ்வெட்டர்காரரை நோக்கி ஓர் எட்டு வைத்தார். "போய் நேரா கேட்டுடட்டுமா?"

"ரகசியமா வந்தவர்கிட்ட நீங்க யாருன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? பொறுங்க, நான் நைஸா விசாரிக்கறேன்."

மச்சினனின் நைஸ் எப்படியிருக்கும் என்று குடும்பத்துக்கே தெரியும். அவன் ஸ்வெட்டர்காரரின் பக்கத்தில் போய் நின்று, சத்தமாகக் கேட்டான்: "சாருக்கு வேலை ஜாஸ்தியோ?"

"ஆமாங்க. மேல இருக்கறவங்க அட்டவணை போடுவாங்க, நாம ஓடணும். இன்னைக்குத்தான் கொஞ்சம் நேரம் கெடச்சுது" என்றார் அவர்.

"ரொம்பப் பொறுப்பான வேலையோ?"

"ஒரு நாளைக்கு ஐநூறு அறுநூறு பேரு என்னை நம்பி இருக்காங்க தம்பி. கண்ணசர முடியாது."

மச்சினன் திரும்பி வந்து மாமாவிடம் ஒரு வார்த்தைதான் சொன்னான். "பெரிய கை."

அதற்கப்புறம் ஸ்வெட்டர்காரருக்கு ராஜ உபசாரம். பெயிண்ட்காரர் அவர் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிரஸ்காரர்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் நடந்தார்கள். பேக்கிங் அக்கா தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். அவர் முதலில் நெளிந்தார், பிறகு பழகிக்கொண்டார். மனிதர்கள் இவ்வளவு நல்லவர்களா என்று ஆச்சரியப்படுகிற மாதிரி ஒரு சிரிப்பு அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

கைடு பின்பக்கமாகவே நடந்துகொண்டு பேசினாள். தூணில் இடிப்பாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். இடிக்கவில்லை. "இந்தப் பாலத்துல மொத்தம் முப்பது சிலை! ஒவ்வொண்ணையும் செஞ்சவரு வேற வேற ஆளு! ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்தையே கிடையாது!"

"நம்ம ஷிஃப்ட் மாதிரி" என்றார் பாய்லர்காரர். டே ஷிஃப்ட் சிரித்தது. நைட் ஷிஃப்ட்டும் சிரித்தது. ஐம்பது வருஷத்தில் இரண்டும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

வெயில் சிலைகளின் மூக்கில் விழுந்து தெறித்தது. கூட்டிப் பெருக்கும் அம்மா ஒவ்வொரு சிலையின் காலையும் தொட்டுப் பார்த்து, விரலில் தூசி ஒட்டுகிறதா என்று சோதித்தாள். "ஒழுங்காத்தான் வெச்சிருக்காங்க" என்று சான்றிதழ் கொடுத்தாள். பிரஸ்காரர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் போட்டோ எடுத்தார்கள். சாக்கடை மூடியையும் எடுத்தார்கள். "வார்ப்பைப் பாரு, பிசிறே இல்ல!" என்று ஒருவர் தரையில் முட்டி போட்டே விட்டார்.

சிக்கல் ஓவியக்கூடத்து வாசலில் வந்தது.

வாசலில் இருந்த காவலர் கையில் ஒரு கருவி வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு டிக். செக்கருக்கு அவரைப் பார்த்ததும் மரியாதை வந்தது.

"பாஸ் பன்னிரண்டு பேருக்கு. கைடுக்கு இலவசம். பதிமூணாவது ஆளுக்கு டிக்கெட் வேணும்" என்றார் காவலர்.

"ஒண்ணு கொடுங்க."

"இன்னைக்கு எல்லாம் புக் ஆயிடுச்சு. யாராவது ஒருத்தர் வெளியில நிக்கணும்."

ஹெட் ஆபீஸை வெளியில் நிறுத்த முடியுமா? செக்கர் சுற்றிப் பார்த்தார். கண் மச்சினன் மேல் நின்றது.

"மாமா, வேணாம்."

"ஒரு மணி நேரம்தான்டா. வாசல்லயே நில்லு."

"நானும் படம் பாக்கத்தானே வந்தேன்?"

"நீ காலண்டர்ல பாத்துக்க. போடா என் ராசா."

உள்ளே போனார்கள். முதல் இரண்டு அறைகளில் குதிரைகளும் கோபமான ராஜாக்களும். மூன்றாவது அறையில் ஒரு சின்னப் படம். ஜன்னல், மேஜை, ரொட்டி வெட்டும் ஒரு பெண், எதிரில் காலியான நாற்காலி, இரண்டு தட்டு. ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்து மேஜையில் விழுந்திருந்தது. அவ்வளவுதான் படம்.

நைட் ஷிஃப்ட் அதன் முன்னால் நின்றுவிட்டது.

"இது காலையில எத்தனை மணி?" என்று கேட்டார் பாய்லர்காரர்.

கைடு முதல் தடவையாகத் திணறினாள். "இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டதில்ல..."

"ஏழு இருபது" என்றார் பெயிண்ட்காரர். "நம்ம கேட்டைத் தாண்டும்போது சுவத்துல இதே கலருதான் இருக்கும்."

"நிழலைப் பாரு. எட்டு."

"மேகமில்லாத நாள்ல இந்த வெளிச்சம் ஆறு அம்பத்தஞ்சுக்கு வரும்" என்றார் ஸ்வெட்டர்காரர் மெதுவாக. "ரெண்டே நிமிஷம்தான் நிக்கும். அப்புறம் வெள்ளையாயிடும்."

நைட் ஷிஃப்ட் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. விடியலை இத்தனை துல்லியமாக அறிந்த ஆள் ஹெட் ஆபீஸில் இருக்க மாட்டான். பாய்லர்காரர் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

செக்கர் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அவர் இரண்டு தட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் அழுக்கானதே இல்லை. திங்கட்கிழமை, என்று நினைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் படிக்கட்டின் மேல் நின்று கீழே இறங்கும் தொப்பிகளை எண்ணினார். நாலு, எட்டு, பன்னிரண்டு.

சரியாக இருந்தது! கடவுளே, சரியாக இருந்தது! சரியாக இருந்தால் பெட்டியை மூடிவிட வேண்டும். பத்தொன்பது வருஷப் பழக்கம். மூடினார். குஷியாக முன்னால் நடந்து, எல்லாரையும் பூங்காவுக்கு அழைத்துப் போய், புல்லில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது போன் அடித்தது.

"என் தம்பி எங்கே?" என்றாள் மனைவி.

"இங்கதான்... இரு, எண்ணிட்டேன், பன்னிரண்டு சரியா இருக்கு."

"நீங்க எண்ணிக்கிட்டே இருங்க. அவன் எனக்குப் போன் பண்ணி அழறான். வாசல்ல நிக்க வெச்சுட்டு எல்லாரும் அவன் முன்னாடியே போனீங்களாமே. கைய ஆட்டுனானாம். நீங்களும் ஆட்டுனீங்களாம்."

செக்கருக்கு நினைவு வந்தது. யாரோ ஒரு நல்ல மனிதர் கையாட்டினார் என்று பதிலுக்கு ஆட்டியிருந்தார்.

ஓடினார். வாசலில் மச்சினன் இல்லை. நீரூற்றுப் பக்கம் நீலத் தொப்பிக் கூட்டம் ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதன் நடுவில், தலையில் நீலத் தொப்பியோடு, இரண்டு கையிலும் தீனியோடு மச்சினன் இருந்தான். அழுததற்கான அடையாளம் முகத்தில் எங்கும் இல்லை.

"வாடா."

"எங்க கூப்பிடுறீங்க அவரை?" நீலத் தொப்பிக் கூட்டத்தின் கைடு, மீசைக்காரர், குறுக்கே வந்தார். "எனக்கு இருபது பேர். இவரோட சேத்து இருபது. இவரைக் கூட்டிட்டுப் போனா பத்தொன்பது."

"இவன் என் மச்சினன்ங்க!"

"இருக்கட்டும். காலையிலிருந்து ஒண்ணு குறைஞ்சு, இப்பத்தான் சரியாச்சு. கணக்கு சரியானப்புறம் கலைக்காதீங்க."

அந்த வார்த்தையின் நியாயம் செக்கரைத் தவிர வேறு யாருக்கும் புரிந்திருக்காது. ஒரு கணம் விட்டுவிட்டே போயிருப்பார். மனைவியின் முகம் ஞாபகம் வந்து, மச்சினனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

"தொப்பியைத் திருப்பிக் குடுத்துட்டு வாடா!"

"மஞ்சத் தொப்பியை அவங்க வாங்கிக்கிட்டாங்க மாமா. மாத்து முறை. அங்க சாப்பாடு நல்லாருக்கு, தெரியுமா?"

பூங்காவுக்குத் திரும்பியபோது ஸ்வெட்டர்காரர் தன் பையைத் திருப்பி வாங்கி, அதிலிருந்த ஒரு ஜாம் பாட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"எந்தப் புண்ணியவான் இந்த மூடியைச் செஞ்சானோ" என்று பல்லைக் கடித்தார். "திருப்பித் திருப்பி மணிக்கட்டே போச்சு."

புல்வெளியில் பன்னிரண்டு தலையும் நிமிர்ந்தது.

பேக்கிங் அக்கா பாட்டிலை வாங்கி, அடியில் ஒரு தட்டுத் தட்டி, ஒரே திருப்பில் திறந்தாள். "நாங்கதான் செஞ்சோம். திறக்கத் தெரியணும்."

"அடடே! நீங்கள்லாம் மூடிக் கம்பெனியா?" என்றார் ஸ்வெட்டர்காரர், முகமெல்லாம் மலர்ந்து. "இவ்வளவு நேரம் நான் ஏதோ ஆஸ்பத்திரி ஆளுங்கன்னு நெனச்சேன். முகமெல்லாம் வெளுத்து இருந்துச்சா..."

செக்கரும் மச்சினனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்து ஒரு மரத்துக்குப் பின்னால் போனார்கள்.

"ஹெட் ஆபீஸ் இல்லடா."

"இல்ல."

"அப்போ யாருடா இவன்?"

மச்சினன் யோசித்தான். அவன் யோசிப்பது எப்போதுமே ஆபத்து. "படம் திருடறவன் மாமா. கும்பலோட கும்பலா உள்ள போவான், எல்லாரும் வெளிய வரும்போது அவன் மட்டும் வரமாட்டான். விசாரணை வந்தா மஞ்சத் தொப்பின்னு நம்மளைத்தான் பிடிப்பாங்க. அஞ்சு நாப்பது வண்டியைக் கனவுலதான் பாக்கணும்."

செக்கர் கைடிடம் ஓடினார். "அம்மா, உங்ககிட்ட இருக்கற லிஸ்ட்ல எத்தனை பேரு?"

"நான் எண்ணமாட்டேன் சார்" என்றாள் அவள் சந்தோஷமாக. "எண்ணறதுக்குன்னே உங்க கம்பெனியில இருந்து ஒரு பெரிய நிபுணர் வர்றதாச் சொன்னாங்க. அவரு எங்க?"

செக்கர் தொப்பியை முகத்தின் மேல் இறக்கிவிட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

இனி ஒரே வழி, ஆளைக் கழற்றிவிடுவது. பழைய ஊரின் சந்துகள் அதற்கு வசதியாக இருந்தன. கைடு ஒரு ஓவியர் பிறந்த வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கும்போது செக்கர் ரகசியமாகச் சைகை காட்டினார். கூட்டம் சட்டென்று இடது பக்கச் சந்தில் நுழைந்தது. அங்கிருந்து வலது. அங்கிருந்து ஒரு தையற்கடைக்குள் புகுந்து, பின்வாசல் வழியாக வெளியே. தையற்காரர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டே பார்த்தார். கைடு, இதுவும் டூரில் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டு, கைதட்டியபடியே ஓடிவந்தாள். பாய்லர்காரர் இளைத்தாலும் சிரித்தார். பள்ளிக்கூடத்தை விட்டபின் யாருமே இப்படி ஓடியதில்லை.

சதுக்கத்தில் வந்து நின்று எண்ணினார். பத்து மஞ்சள், ஒரு நீலம். மொத்தம் பதினொன்று. ஸ்வெட்டரைக் காணோம்.

பேக்கிங் அக்காவையும் காணோம்!

"ஐயோ, அக்காவுக்கு முட்டி வலிடா. ஓட முடியாதே!"

"ஒருத்தனைக் கழட்டப்போய் ஒருத்தியைத் தொலைச்சீங்களே மாமா" என்றான் மச்சினன் ரசனையோடு.

ஊரே தேடினார்கள். தையற்காரரிடம் மறுபடி போனார்கள். அவர் இந்தத் தடவை ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திட்டினார். மணி நாலு. நாலேகால். செக்கருக்கு மேனேஜரின் குரல் காதில் கேட்க ஆரம்பித்தபோது, சதுக்கத்தின் மறுபக்கத்திலிருந்து ஸ்வெட்டர்காரர் வந்தார். பேக்கிங் அக்காவைக் கையைப் பிடித்து, மெதுவாக, படி படியாக இறக்கிக் கூட்டிவந்தார்.

"இவங்களைத் தனியா விட்டுட்டீங்களே சார். கூட வந்தவங்க எல்லாரும் ஏறியாச்சான்னு பாக்க வேணாமா?" என்றார் குறையாக. "பரவாயில்ல, எனக்கு அவசரமில்ல."

செக்கருக்கு நன்றி சொல்வதா, கழுத்தைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. எண்ணினார். பதிமூன்று.

கடைசி இடம் ஓவிய மண்டபம். கூரை முழுக்க ஒரே படம்: வானம், மேகம், மேகத்தில் மிதக்கும் நூற்றுக்கணக்கான மனிதர்கள். படுத்துப் பார்ப்பதற்குச் சாய்வு பெஞ்சுகள். வாசலில் சாவிக்கொத்தோடு ஒரு முதியவர்.

"எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க?" என்று ஸ்வெட்டர்காரர் அவரிடம் கேட்டார். மச்சினன் மாமாவின் விலாவில் இடித்தான்.

"அஞ்சு. ஒரு நிமிஷம் தாண்டமாட்டேன், எனக்கு பஸ் இருக்கு. இன்னொரு சாவி ஏழு மணிக்கு வர்ற ராத்திரிக் காவலர்கிட்ட. வேற சாவி கிடையாது."

"பாத்தீங்களா மாமா? சாவி எத்தனைன்னு கறந்துட்டான்."

"அவரா சொன்னாருடா."

"சொல்ல வெச்சுட்டான்."

எல்லாரும் படுத்தார்கள். யாரும் பேசவில்லை. கைடுகூடப் பேசவில்லை. பேக்கிங் அக்கா மட்டும், "இதை மல்லாந்து படுத்துத்தான் வரைஞ்சிருப்பான், பாவம், கழுத்து என்னாயிருக்கும்" என்றாள். பன்னிரண்டு பேரும் வேலையில்லாமல், மெஷின் சத்தமில்லாமல், மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். கூட்டிப் பெருக்கும் அம்மா மேகங்களின் மூலையில் ஒட்டடை தேடிவிட்டு, இல்லையென்று தெரிந்ததும், சும்மா பார்க்கத் தொடங்கினாள்.

மணி அடித்தது. ஐந்தாக இரண்டு நிமிஷம்.

செக்கர் வாசலில் நின்று ஒவ்வொரு தொப்பியாக வெளியே விட்டார். நாலு. எட்டு. பதினொன்று, நீலத்தோடு சேர்த்து. தன் தொப்பியைத் தொட்டுக்கொண்டார். பன்னிரண்டு.

உள்ளே எட்டிப் பார்த்தார். கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால், ஸ்வெட்டர்காரரின் கால்கள் மட்டும் தெரிந்தன. இரண்டு எட்டு வைத்து உள்ளே போனார். மனிதர் பையைத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்துகொண்டு, ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தார். நாலு மணிக்கு எழுந்தவர் தூங்குகிற தூக்கம் அது. செக்கருக்கு அது நன்றாகத் தெரியும். அந்தத் தூக்கத்தை மணியடித்துக் கலைக்க முடியாது. தோளைத் தொட்டு உலுக்க வேண்டும்.

கையை நீட்டினார். நிறுத்தினார்.

எழுப்பினால் பதிமூன்று. எழுப்பாவிட்டால் பன்னிரண்டு. ஏழு மணிக்குக் காவலர் வருவார், திறந்து விடுவார். திருடனாக இருந்தால் அவர் பார்த்துக்கொள்வார். நல்லவனாக இருந்தால் இரண்டு மணி நேரம் தூங்கினவனாக ஆவான். யாருக்கு என்ன நஷ்டம்?

சத்தமில்லாமல் வெளியே வந்தார்.

"உள்ள உங்க ஆளு யாராச்சும் இருக்காங்களா?" என்றார் சாவிக்காரர், ஒரு கண் பஸ் நிறுத்தத்தின் மேல்.

"எங்க ஆளு யாரும் இல்ல" என்றார் செக்கர். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

கனமான கதவு மூடிக்கொண்டது. சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது. சாவிக்காரர் பஸ்ஸுக்கு ஓடினார்.

"மாமா, அந்த ஸ்வெட்டரு..."

"நட."

நடந்தார்கள். பிறகு ஓடினார்கள். ஸ்டேஷனில் வண்டி தயாராக நின்றது. ஐந்து இருபத்தைந்துக்கே எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஷிஃப்ட் மறந்து கலந்து உட்கார்ந்தார்கள். பெயிண்ட்காரர் அட்டைப்பெட்டிக்காரர் ஒருவரோடு நிறங்களைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்திருந்தார். கைடு தொப்பிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். செக்கர் அவற்றை வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி எண்ணிக் கொடுத்தார். பதினொரு மஞ்சள், ஒரு நீலம்.

"அந்த நல்ல மனுஷன் எங்கப்பா?" என்றாள் பேக்கிங் அக்கா.

"அவரு வேற வண்டியில வருவாரு" என்றார் செக்கர்.

போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். "ஏறியாச்சு. பன்னிரண்டு. உன் தம்பியும் சேத்து. நானே முகம் முகமாப் பாத்துட்டேன்."

"அப்போ திங்கக்கிழமை?"

"திங்கக்கிழமை காலையில ரெண்டு பேரும் சேந்து சாப்பிடுவோம்."

"எத்தனை மணிக்கு?" என்றாள்.

"ஆறு அம்பத்தஞ்சுக்கு" என்றார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஐந்து நாற்பது ஆனது. வண்டி அசையவில்லை.

ஐந்து ஐம்பது. "தண்ணி பிடிப்பாங்க" என்றார் பாய்லர்காரர், நிபுணர் தோரணையில்.

ஆறு. ஆறு பத்து. மேனேஜரிடமிருந்து போன் வந்தது. செக்கர் எடுக்கவில்லை. மறுபடி வந்தது. எட்டு மணிக்கு மெஷின் ஓட வேண்டுமென்றால் இந்த நிமிஷமே வண்டி புறப்பட்டாக வேண்டும். இந்த நிமிஷமும் போனது. பிளாட்பாரத்தில் ஸ்டேஷன் ஆட்கள் இங்குமங்கும் ஓடினார்கள். சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் ஊழியர் ஒருவர் மட்டும் நிதானமாக, ஒரு பெட்டியில் சாய்ந்து நின்று காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

செக்கர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினார். "ஏங்க! வண்டியில என்னங்க கோளாறு? ஏன் கிளம்பல?"

"வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க, ஓட்டறவரைத்தான் காணோம், பதினோரு வருஷமா இந்த ஊருக்கு வண்டி ஓட்டறாரு, ஒரு நாளாச்சும் உள்ள போய்ப் படம் பாக்கணும்னு காலையில ஏதோ மஞ்சத் தொப்பிக் கும்பலோட கும்பலாப் போனாரு, இப்பத்தான் அங்கேருந்து போன் பண்றாரு, எவனோ ஒரு மகராசன் அவரை உள்ள வெச்சு மண்டபத்துக் கதவைச் சாத்திப் பூட்டிட்டானாம்!"